எங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் அடைக்காதீர்கள்: சபா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை சபாக்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதம் உங்களில் ஒரு சபாவினர் தங்கள் அரங்கைப் புதுப்பித்துவிட்டு, டிசம்பர் சீசனுக்கு முன்னால் வந்து பார்க்கும்படி, அங்கே ஒலி அமைக்கும் என்னை அழைத்தார்கள். புது நாற்காலிகள், புதுத் திரை, புது ஏசி. கூடத்தின் நடுவில், பதினைந்தாம் வரிசைக்குப் பின்னால், பதினோரு ஆண்டுகளாக, மைக்குகளின் ஒலியைச் சேர்த்துக் கூட்டிக் குறைக்கும் என் மிக்ஸர் இருந்த இடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். “உங்கள் இடம் மேலே” என்று செயலாளர் கைகாட்டினார். பால்கனியின் கடைசியில் இருந்த பழைய சாமான் அறையைக் கண்ணாடி போட்டு மூடி, தனி ஏசி வைத்து, மேசை போட்டிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் கீழே ஒருவர் கை தட்டியது கண்ணுக்குத் தெரிந்தது; காதுக்குக் கேட்கவில்லை. “வசதியாக இருக்கிறதல்லவா?” என்று செயலாளர் கேட்டார். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அதனாலேயே அப்போது எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

இன்னும் இரண்டு சபாக்கள் இதேபோல மாற்றத் திட்டமிட்டிருப்பதாகப் பிறகு தெரியவந்தது. அதனால் ஒரு சபாவுக்கு மட்டும் எழுதாமல் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன். ஒலி அமைக்கிறவனை ஒலி கேட்காத இடத்தில் உட்காரவைக்கும் இந்த முடிவை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியாது.

நான் எந்தக் கல்லூரியிலும் இந்தத் தொழிலைப் படிக்கவில்லை. தஞ்சை மாவட்டத்தில் என் தாய்மாமா மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய செட்தான். 1996-இல், பதினேழு வயதில், பனைமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதில் என் வேலை தொடங்கியது. திருவிழா நாடகம் என்றால் மாமா ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் உட்காரவே மாட்டார். கூட்டத்தின் கடைசிப் பாய்க்கும் பின்னால், கடலை விற்கிறவருக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வார். “வள்ளி பேசுவது இங்கே உட்கார்ந்திருக்கிற கிழவிக்குக் கேட்க வேண்டும். செட்டுக்குப் பக்கத்தில் இருந்து எனக்குக் கேட்டு என்ன ஆகப்போகிறது?” என்பார். அங்கிருந்து அவர் கையைத் தூக்கினால் நான் கூட்ட வேண்டும். தாழ்த்தினால் குறைக்க வேண்டும். பபூன் வரும்போதும் ராஜபார்ட் பாடும்போதும் அந்தக் கை எப்படி மாறியது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்த வேலையைக் கற்றேன்.

அதற்கும் முந்தைய தலைமுறையில் நாடக நடிகர்களான எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாத மேடைகளில் பாடிப் பெரும் கூட்டத்தைக் கட்டிப்போட்டார்கள். தன் குரல் எங்கே வரை போகிறது, கடைசி வரிசைக்குப் போய்ச் சேர எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதைப் பாடுகிறவரே கணித்துக்கொண்டார். மைக் வந்த பிறகு அந்தக் கணிப்பு எங்கள் கைக்கு வந்துவிட்டது. பாடுகிறவருக்கு இன்று, மேடையில் அவரை நோக்கி வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் வருவதுதான் கேட்கிறது. கூடத்தில் தன் குரல் எப்படி ஒலிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குப் பதிலாகக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கும் காது என்னுடையது.

“கச்சேரிக்கு முன்பே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால் பிறகு என்ன வேலை?” என்று உங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் கேட்டார். இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

மாலை ஆறரை மணிக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தே முக்காலுக்குக் கூடத்தில் நாற்காலிகள் மட்டும்தான் இருக்கின்றன. ஒரு வார்த்தை பேசினால் சுவர்கள் அதைத் திருப்பிச் சொல்கின்றன. ஆறரைக்கு அறுநூறு பேர் வந்து உட்காருகிறார்கள். பட்டுப்புடவை, சால்வை, ஸ்வெட்டர், உடம்பு எல்லாமே ஒலியை உறிஞ்சும், அதிலும் மேல்சுருதிகளை அதிகமாக உறிஞ்சும். காலிக் கூடத்தில் பளிச்சென்று இருந்த வயலின், கூடம் நிறைந்ததும் மங்கிப்போகிறது. கச்சேரியின் தொடக்கப் பாட்டான வர்ணம் முடிவதற்குள் அதை மீட்டாக வேண்டும். அந்த நேரத்தில் பாடகரின் குரலும் முழுதாகத் திறந்திருக்காது. இரண்டாவது, மூன்றாவது உருப்படியில்தான் திறக்கும். வர்ணத்துக்காகக் கூட்டி வைத்ததை அப்போது கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் இறக்க வேண்டும். கீழ்க்குரலான மந்தர ஸ்தாயியில் மைக்கை நெருங்குகிற பாடகர் இருக்கிறார். நாம் மேடையில் வைக்கும் மைக்குகளில் பெரும்பாலானவற்றில் வாயை நெருக்கினாலே கீழ்ச்சுருதிகள் தடித்துவிடும். உச்சக்குரலான தார ஸ்தாயியில் தலையைத் திருப்பிக்கொள்கிறவர் இருக்கிறார். இவர் எப்போது திரும்புவார் என்று தெரிந்து, திரும்புவதற்குள் விரல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் இருக்க வேண்டும்.

மிருதங்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரசிகர்களிடமிருந்து உங்களுக்கு வரும் புகார்களில் பாதி அதைப் பற்றியதுதான். அதன் இடது பக்கமான தொப்பியில் அப்பியிருக்கும் ரவை ஏசிக் காற்றில் காய்கிறது. காயக் காய நாதம் மாறுகிறது. வித்வான் தண்ணீர் தொட்டு ஈரமாக்கினால் மறுபடியும் மாறுகிறது. உருப்படிகளுக்கு நடுவே கல்லையும் கட்டையையும் எடுத்து வலது பக்கமான வலந்தலையைச் சுருதி சேர்த்தால் அந்தப் பக்கமும் மாறுகிறது. ஒரே மிருதங்கம் இரண்டரை மணி நேரத்தில் எனக்கு நான்கைந்து வாத்தியங்களாக வந்துசேர்கிறது.

பிறகு, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். அது தொடங்கியதும் கூடத்தில் கணிசமானோர் எழுந்து கேண்டீனுக்குப் போவதை நீங்களும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறீர்கள். அது எனக்கு ஒலியாகவும் வந்து சேரும். இருநூறு உடம்புகள் வெளியேறிய மறு நிமிடம் கூடத்தில் எதிரொலி கூடுகிறது. பாட்டும் வயலினும் நின்றுபோய் மிருதங்கமும் கடமும் மட்டும் ஒலிக்கிற நேரமும் அதுதான். தொப்பியின் ஒவ்வொரு அடியும் காலி நாற்காலிகளைத் தாண்டிப் பின்சுவரில் மோதித் திரும்பி, அடுத்த அடியின் மேல் விழுகிறது. தாளக் கணக்கு குழம்புகிறது. வித்வான் இருபது ஆண்டு சாதகம் செய்து வைத்த கோர்வை என்னும் தாளக் கோப்பு இரைச்சலாகிறது. நான் தொப்பிப் பக்க மைக்கை இறக்கி, கடத்தின் கழுத்தை நோக்கிய மைக்கில் கீழ்ச்சுருதிகளை வெட்டி, கோர்வையின் இடைவெளிகள் கூடத்தில் தெளிவாகக் கேட்கும்வரை சரிசெய்கிறேன். பத்து நிமிடத்தில் காப்பி குடித்துவிட்டு மக்கள் திரும்பி வருவார்கள். எல்லாவற்றையும் மறுபடியும் பழையபடி கொண்டுவருவேன். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. கூடத்துக் காற்றில் உட்கார்ந்திருந்தால்தான் செய்ய முடியும்.

இனி, அந்தக் கண்ணாடி அறையில் நான் நடத்திய முதல் கச்சேரியைச் சொல்கிறேன்.

பாடியவர் எழுபது வயதைக் கடந்தவர். குரல் மெலிந்துவிட்டது, பிடிகளின் நுணுக்கம் மட்டும் சற்றும் குறையவில்லை. இப்படிப்பட்ட குரலுக்குத்தான் ஒலி அமைப்பவன் மிகவும் தேவைப்படுகிறான். அறையில் எனக்கு ஒரு சிறிய ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். அதில் எல்லாம் அழகாகவே கேட்டது. ஏனென்றால் அதில் வருவது மிக்ஸரிலிருந்து வெளியே போகிற ஒலி மட்டும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதோடு மேடையிலிருந்து நேராக வரும் மிருதங்கம், மேடை மானிட்டர்களின் கசிவு, சுவர்களின் எதிரொலி எல்லாம் சேர்ந்து வருகின்றன. இவற்றில் ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. என் ஸ்பீக்கரில் பாட்டுக்குச் சரியான துணையாக இருந்த மிருதங்கம், ஆறாம் வரிசையில் பாட்டை விழுங்கிக்கொண்டிருந்தது.

இதை எதிர்பார்த்து என் உதவியாளரை ஆறாம் வரிசை ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். இருபத்திரண்டு வயதுப் பையன், கெட்டிக்காரன். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினான். “மிருதங்கம் அதிகம் அண்ணா.” குறைத்தேன். “பாட்டு இன்னும் கேட்கவில்லை.” கூட்டினேன். “ஏதோ கூவுகிறது.” எந்த மைக், எந்தச் சுருதி என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, அது அவன் குற்றம் இல்லை. கூடத்தில் நான் இருந்திருந்தால், ஸ்பீக்கர் ஒலி மைக்குக்கே திரும்பிக் கூவும் ஃபீட்பேக் பிறக்கும்போதே, யாருக்கும் கேட்பதற்கு முன்னால், அந்தச் சுருதியைப் பிடித்து அழுத்தியிருப்பேன். அறையில் எனக்கு அந்தச் செய்தி வந்து, படித்து, தேடி, அழுத்துவதற்குள் அது முழு ஊளையாகிவிட்டது. ஆலாபனையின் உச்சத்தில் நின்றுகொண்டிருந்த பெரியவர் பாட்டை நிறுத்திவிட்டார். கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பாமல் நேராகக் கிருதிக்குப் போய்விட்டார்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நீ எங்கேயப்பா இருந்தாய்? உன்னைத் தேடினேன்” என்றார். இருபது ஆண்டுகளாக அவர் மேடையிலிருந்து ஒரு விரலை லேசாக உயர்த்தினால் எனக்குப் புரியும். அன்றும் உயர்த்தியிருக்கிறார். கண்ணாடியில் மேடை விளக்கு பட்டுத் தெறித்ததால் அவருக்கு நான் தெரியவில்லை. அவர் விரல் எனக்குத் தெரியவில்லை.

நாடகத்திலும் இதே கதைதான். உங்கள் அரங்குகளில் சீசன் தவிர்த்த மாதங்களில் நாடகங்கள் நடக்கின்றன. மேடை விளிம்பில் மூன்று மைக், மேலிருந்து தொங்கும் இரண்டு மைக், முக்கியமான நடிகர்களுக்குச் சட்டைக்குள் ஒளிந்திருக்கும் வயர்லெஸ் மைக். பேசாதவரின் மைக்கை மூடி, பேசப் போகிறவரின் மைக்கை அந்த நொடியில் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் திறந்து வைத்தால் பட்டுப்புடவை உரசுவதும் மேடைப் பலகை அதிர்வதும் பக்கவாட்டில் நின்று வசனத்தை நினைவுபடுத்துகிறவர் குரலும் சேர்ந்து வரும். நகைச்சுவை நாடகத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கூட்டம் சிரிக்கிறது. சிரிப்பு அடங்கும் முன்பே நடிகர் அடுத்த வசனத்தைத் தொடங்கினால் அந்த வசனத்தைச் சிரிப்புக்கு மேலே தூக்கித் தர வேண்டும். சிரிப்பு அடங்கியதும் உடனே இறக்க வேண்டும். கண்ணாடி அறைக்குள் அந்தச் சிரிப்பு கேட்பதே இல்லை.

நீங்கள் சொல்லும் காரணங்களை நான் காதில் வாங்காமல் இல்லை. பன்னிரண்டு நாற்காலிகளின் டிக்கெட் வருமானம் உங்களுக்குத் தேவை. நடைபாதையில் கேபிள் கிடந்தால் வயதான ரசிகர்கள் தடுக்கி விழுவார்கள் என்ற கவலை நியாயமானது. கேபிளைத் தரைக்கு அடியில் குழாயில் கொண்டுபோகலாம், புதுப்பிக்கும்போது அதற்கு ஆகும் செலவு அதிகம் இல்லை. இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்களுக்குப் பழைய மேசைகளைப் போல ஒரு அறையே வேண்டியதில்லை. இரண்டு நாற்காலி அகலம் போதும். பன்னிரண்டு நாற்காலிகளில் ஆறை நானே உங்களிடம் திருப்பித் தருகிறேன். டேப்லெட்டில் வைஃபை மூலம் கூடத்திலிருந்தே இயக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். காலிக் கூடத்தில் சோதனை செய்யும்போது நானும் அப்படித்தான் செய்கிறேன், மிக உதவியாக இருக்கிறது. ஆனால் அறுநூறு பேர் அறுநூறு கைபேசிகளோடு வந்து உட்கார்ந்த பிறகு அந்த இணைப்பு எந்த நிமிடம் அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. ஃபீட்பேக் வந்த நொடியில் திரை சுற்றிக்கொண்டிருந்தால் நான் யாரிடம் போய் நிற்பேன்? அதை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். நம்பி இறங்க முடியாது.

இடத்தைப் போலவே நேரத்தையும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். சீசனில் ஒரே மேடையில் நாளுக்கு நான்கு கச்சேரிகள். நான் வந்த புதிதில் நடுவே முக்கால் மணி நேரம் கிடைக்கும். இப்போது இருபது நிமிடம். அதில் முந்தைய குழுவுக்குப் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, ஜமக்காளத்தைச் சரிசெய்து முடிக்கும்போது எனக்கு ஐந்து நிமிடம்கூட மிஞ்சுவதில்லை. வீணைக்கும் நான்கரைக் கட்டைச் சுருதியில் பாடும் பெண் குரலுக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. சோதனை செய்ய நேரம் இல்லாததால் முதல் இரண்டு உருப்படிகள் சோதனையாகிவிடுகின்றன. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். வர்ணத்தின் நடுவே பாடகர், “வயலின் மானிட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள்” என்று மைக்கிலேயே சொல்ல நேர்வது இதனால்தான்.

மானிட்டர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் ஒவ்வொருவரும் தனக்குக் கொஞ்சம் கூட்டச் சொல்கிறார்கள். ஒருவருக்குக் கூட்டினால் அடுத்தவருக்குத் தன்னுடையது கேட்பதில்லை, அவரும் கேட்கிறார். அரை மணியில் மேடையின் இரைச்சலே கூடத்தின் முன்வரிசைகளை நிரப்பிவிடுகிறது. அதற்கு மேலே பாட்டைக் கொண்டுவர நான் வெளி ஸ்பீக்கரைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கலைஞர்களைக் குறை சொல்லவில்லை, சோதனைக்கு நேரம் இருந்தால் தொடக்கத்திலேயே பேசித் தீர்க்கக்கூடிய விஷயம் இது.

எவ்வளவு சத்தம் என்பதற்கு நான் அளவு கருவி வைத்திருக்கிறேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழில் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிடம். இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வரையறையும் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அதற்கென ஒருவரைப் பொறுப்பாக்கி, சரிபார்த்த கருவியால் நிகழ்ச்சி நடக்கும்போதே அளவைக் கண்காணிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சென்ற சீசனில் ஒரு கச்சேரியில் பக்கவாட்டு ஸ்பீக்கருக்கு நேரே இருந்த இரண்டாம் வரிசையில் தனி ஆவர்த்தனத்தின்போது 97 காட்டியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்கள்.

எனக்கு இப்போது 46 வயது. இரண்டு ஆண்டுகளாக இடது காதில் ஓயாத ரீங்காரம். கேட்புச் சோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்குகிறது. பல ஆண்டுகள் இரைச்சலில் வேலை செய்தவர்களின் வரைபடத்தில் காணும் பள்ளம் அது. குழாய்களுக்கு அடியிலும் மெல்லிசைக் கச்சேரிகளில் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலும் கழித்த இளமை அதில் தெரிகிறது. இதை எழுதினால் எனக்கு வேலை கொடுக்கத் தயங்குவீர்களோ என்று இரண்டு இரவு யோசித்தேன். இருந்தாலும் எழுதுகிறேன், என்னிடம் தொழில் கற்கும் பையன்களின் காதுகள் இன்னும் நன்றாக இருக்கின்றன.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரங்கில் மைக் ஸ்டாண்டைத் தொட்ட என் உதவியாளர் தூக்கி எறியப்பட்டார். நல்லவேளையாகக் கையில் காயத்தோடு தப்பினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் பின்னை வெட்டியிருந்தார்கள். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வந்ததாம், எர்த்தைத் துண்டித்ததும் நின்றுவிட்டதாம், அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த இரைச்சலுக்கு வேறு மருந்து இருக்கிறது. எர்த்தை வெட்டுவது மேடையில் வெறுங்காலோடு உட்கார்ந்து மைக்குக்கு முன்னால் பாடுகிறவரின் உயிரோடு விளையாடுவது.

2020 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். கூடங்கள் மூடியிருந்தன. உங்களில் பலர் கச்சேரிகளைப் பதிவு செய்து இணையத்தில் வழங்கினீர்கள். அப்போது உங்களிடமிருந்து எனக்கு நாள்தோறும் தொலைபேசி வந்தது. “எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது, ஒலி நன்றாக இல்லாவிட்டால் யாரும் பணம் கட்டிக் கேட்க மாட்டார்கள்” என்றீர்கள். அது அப்போதும் உண்மை, இப்போதும் உண்மை. கூடங்கள் திறந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. அழைப்பிதழில் பாடகர் முதல் தம்புரா வரை, நன்கொடையாளர் முதல் மேடை அலங்காரம் வரை பெயர்கள் இருக்கின்றன. ஒலி அமைத்தவர் பெயர் இருப்பதில்லை.

நியூயார்க்கின் நாடகத் துறை வழங்கும் டோனி விருதுகளில் ஒலி வடிவமைப்புக்கு 2008-இல் விருது தரத் தொடங்கினார்கள். 2014-இல் அதை நீக்கினார்கள். தொழிலில் இருப்பவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2017-இல், மறுபடியும் வழங்கப்போவதாக அதே அமைப்பு அறிவித்தது. எடுத்த முடிவை மாற்றிக்கொண்டதால் அவர்களுடைய மதிப்புக் குறையவில்லை. உங்களிடமும் அதே மனத்தை எதிர்பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பவை இவை. கண்ணாடி அறைக்கு மாற்றிவிட்ட அரங்குகளில், இந்த சீசன் தொடங்கும் முன் மிக்ஸரைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுக்கோட்டை ஒட்டி, மேடையிலிருந்து கூடத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், பால்கனிக்கு அடியில் போகாத இடமாக, சுவரோரம் இல்லாததாக இருக்க வேண்டும். பால்கனிக்கு அடியில் கேட்பதும் நடுக்கூடத்தில் கேட்பதும் வேறு வேறு. ஆறு நாற்காலிகளை எடுக்கும்படியாக அமைத்தால் பொதுக்கூட்டங்களின்போது அவற்றைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இனி மாற்றப் போகிறவர்கள், வரைபடம் முடிவாகும் முன் எங்கள் தொழிலில் இருப்பவர் ஒருவரை அழைத்துக் கேளுங்கள். நான் வருகிறேன், அதற்குக் கட்டணம் வாங்க மாட்டேன்.

கச்சேரிகளுக்கு நடுவே நாற்பத்தைந்து நிமிடம் வேண்டும். அதில் பதினைந்து நிமிடம் திரை மூடிய மேடையில் கலைஞர்களோடு ஒலிச் சோதனைக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். பொன்னாடையும் படமும் அதற்குள் வரக் கூடாது. நான்கு கச்சேரிகளுக்கு நேரம் போதாதென்றால் மூன்று வையுங்கள்.

மேடை மின் இணைப்புகளையும் எர்த்தையும் உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு சீசனுக்கு முன் சோதித்து, அந்தச் சான்றை மேடைக்குப் பின்னால் ஒட்டுங்கள். அது ஒட்டப்படாத மேடையில் என் ஆட்கள் கேபிள் போட மாட்டார்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒலி அளவைக் கண்காணிக்கும் பொறுப்பை எழுத்தில் எங்களிடம் கொடுங்கள். சத்தம் எல்லை மீறும்போது குறைத்தால், யார் வந்து சொன்னாலும் நீங்கள் எங்கள் பக்கம் நிற்க வேண்டும்.

அழைப்பிதழிலும் மேடை அறிவிப்பிலும் ஒலி அமைத்தவர் பெயரும் உதவியாளர் பெயரும் வரட்டும். காலை எட்டு மணிக்கு வந்து இரவு பதினொன்றுக்குக் கேபிள் சுருட்டும் உதவியாளர்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் அந்த வாரமே ஊதியமும் கொடுங்கள். சென்ற சீசனின் பாக்கி பங்குனிக்குப் பிறகுதான் என் பையன்களுக்கு வந்தது.

மார்கழி பிறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. கார்த்திகை பதினைந்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மாலை, புதுப்பித்த அந்த அரங்குக்கு உங்கள் குழுவினர் அனைவரும் வாருங்கள். ஒரு பாடகர், ஒரு வயலின், ஒரு மிருதங்கம் போதும். கண்ணாடி அறையில் என் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு கீழே இறங்கி ஆறாம் வரிசையில் பத்து நிமிடம் கேளுங்கள். தேதியை நீங்கள் சொல்லுங்கள், கலைஞர்களையும் செட்டையும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூடங்களில் 26 ஆண்டுகளாக ஒலி அமைத்துவரும் ஒருவன்
சென்னை